கடல்நீர் மீன் தொட்டியில் பாசி: பாசிக்கொல்லிப் புட்டியை விடுங்கள், ஊற்றும் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை வீடுகளில் கடல் மீன் வளர்ப்பு பெருகி வருவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கோமாளி மீன்களின் நிறத்தையும் பவளங்களின் அழகையும் விரிவாக விவரித்த அக்கட்டுரை, இத்தகைய தொட்டி வைத்திருக்கும் ஏறத்தாழ எல்லோரும் சந்திக்கும் பாசித் தொல்லையைப் பற்றி ஒரே வரிதான் சொல்கிறது: கடையில் கிடைக்கும் பாசிக்கொல்லியைச் சில சொட்டுகள் விட்டால் போதும் என்பது அதன் கருத்து. வடசென்னையில் பல ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி பராமரித்து வருபவன் என்ற முறையில், இந்த ஒரு வரி எத்தனை தொட்டிகளைப் பாழாக்கக்கூடும் என்ற கவலையோடு இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பாசி வளர ஒளியும், நைட்ரஜனும், பாஸ்பரஸும் போதும். மீனுக்குப் போடும் தீனி கழிவாகி அம்மோனியாவாகிறது. பாறையிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தீனியில் இருந்த பாஸ்பரஸ் பாஸ்பேட்டாகத் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. கடலில் இவற்றை அலையும் நீரோட்டமும் அடித்துச் சென்றுவிடும். எஞ்சியதை மேய்ந்து தீர்க்க ஆயிரம் உயிர்கள் உண்டு. 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் விழுந்த சத்து, நாமாக எடுத்து வெளியே போட்டாலொழிய பெரும்பாலும் வெளியேறாது. இந்நிலையில் பாசிக்கொல்லியை ஊற்றினால் என்ன நடக்கும்? பாசி சாகும், செத்த பாசி அழுகும், அது உண்டு வைத்திருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் மறுபடி தண்ணீரில் கலக்கும், அழுகும்போது ஆக்சிஜனும் குறையும். இரண்டு, மூன்று வாரங்களில் அதே பாறையில் அதே பாசி முன்னிலும் அடர்த்தியாக முளைப்பதில் வியப்பில்லை. நன்னீர்த் தொட்டிகளுக்கென விற்கப்படும் பாசிக்கொல்லிகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். பாசியை மேய்ந்து நமக்கு உதவ வேண்டிய நத்தைகளை முதலில் கொன்றுவிட்டுப் பாசியோடு போராடுவதில் என்ன பயன்?

பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வதெல்லாம் ஒன்றல்ல என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். புதிதாக அமைத்த தொட்டியில் சில வாரங்களுக்குள் மணலிலும் கண்ணாடியிலும் தூசு படிந்ததுபோலத் தோன்றும் பழுப்புப் படிவு டையாட்டம் எனப்படும் நுண்பாசி. அதற்குத் தண்ணீரில் கரைந்துள்ள சிலிக்கேட் தேவை. அந்தச் சிலிக்கேட் தீர்ந்ததும் அதுவாகவே மறைந்துவிடும். இதைக் கண்டு பதறிப்போய் மருந்து தேடுவோர்தான் அதிகம். பாறையிலிருந்து பச்சை இழைகளாக நீண்டு, நீரோட்டத்தில் அசைந்தாடுவது முடிப்பாசி. இழுத்தால் வேரோடு வருவதுபோல் வரும். பச்சை முத்துகளாகத் திரள்வது குமிழ்ப்பாசி. சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில் மணலின் மீது போர்வைபோல் விரிந்து, குழாயால் உறிஞ்சினால் தோலுரிவதுபோல் தாளாகக் கிளம்பி வருவது பாசியே அல்ல, அது சயனோபாக்டீரியா. இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ பாறையை இறுகப் பூசியிருக்கும் சுண்ணாம்புப் பாசி ஒன்றும் உண்டு. அது நல்ல தொட்டியின் அடையாளம், அதைச் சுரண்டி எடுக்கக் கூடாது.

இவற்றில் மிகவும் ஏமாற்றுவது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர். பழுப்பு நிறச் சளிபோலக் கோத்து, நுனியில் காற்றுக் குமிழைத் தாங்கிக்கொண்டு நிற்கும். காலையில் குறைந்தும், விளக்கு எரிய எரியப் பிற்பகலில் பெருகியும் காணப்படும். டையாட்டம் என்று நினைத்து இதைத் தவறாகக் கையாள்வோர் பலர். இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. அந்தச் சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு சேர்த்து ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, மூடி, நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு காபி வடிகட்டும் காகிதம் ஒன்றில் வடித்து, தெளிந்த நீரை ஒளிபடும் இடத்தில் வைக்க வேண்டும். காகிதத்தைக் கடந்துவந்த நீரில் ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் இழையிழையாகச் சளி கோத்துக்கொண்டால் அது பெரும்பாலும் டைனோதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்துக்கு இறங்கி, போட்டிக்கு வேறு பாசியோ பாக்டீரியாவோ இல்லாத தொட்டிகளில்தான் இது பெரும்பாலும் தலையெடுக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. முடிப்பாசிக்குச் சத்தைக் குறைக்க வேண்டும். டைனோவுக்கோ சத்தைச் சற்றே கூட்ட வேண்டும். எது வந்திருக்கிறது என்று பாராமலே எல்லாவற்றுக்கும் ஒரே புட்டியை நீட்டுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். வடசென்னைத் தொட்டிகளில் பாசி ஓயாமல் வருவதற்குத் தீனியைக் காட்டிலும் பெரிய காரணம், நாம் ஊற்றும் தண்ணீர். சென்னைக் கோடையில் அறைக்குள் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போது, 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டிய தொட்டியைக் குளிர்விக்கச் சில்லர் வாங்க எல்லோருக்கும் இயலாது. நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியைப் பொருத்துகிறோம். விசிறி வெப்பத்தைக் குறைப்பதே நீரை ஆவியாக்கித்தான். 200 லிட்டர் தொட்டியில் இவ்வாறு நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை ஆவியாகிவிடக்கூடும். உப்பு ஆவியாகாது என்பதால் அந்த அளவுக்கு நன்னீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். ஊற்றும் தண்ணீரிலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் உள்ளேயே தங்கி, நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும்.

கணக்கிட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தண்ணீரை நாளுக்கு 3 லிட்டர் வீதம் 100 நாள் ஊற்றினால் 3 கிராம் நைட்ரேட் உள்ளே போய்ச் சேர்கிறது. 200 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 15 மில்லிகிராம் உயர்வு. மீனுக்கு ஒரு பருக்கைத் தீனிகூடப் போடாவிட்டாலும் இந்த உயர்வு ஏற்படும். பவளமும் மீனும் சேர்ந்திருக்கும் தொட்டியில் நைட்ரேட் 5 முதல் 10 மில்லிகிராமும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராமும் இருந்தாலே போதும் என்பது வளர்ப்போரிடையே பரவலாக ஏற்கப்பட்ட அளவு. குடிநீருக்கான இந்தியத் தரநிலையோ நைட்ரேட்டை லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. மனிதர் குடிக்க உகந்த தண்ணீர் பவளத் தொட்டிக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எங்கள் பகுதியில் பலர், 'நமக்கு வருவது காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து சுத்திகரித்த தண்ணீர்தானே, அதைவிடத் தூய்மையானது எது' என்று கேட்பதுண்டு. 2010-இல் தொடங்கப்பட்ட அந்த மீஞ்சூர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வழங்கும் திறன் கொண்டது என்பது உண்மையே. ஆனால் வீட்டுக் குழாயில் வருவது எப்போதும் அந்தத் தண்ணீராகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. புழல் போன்ற ஏரிகளின் நீரும் நகரின் வழங்கலில் உண்டு. எந்த நீரானாலும் பழைய குழாய்கள், தெருக் குழாய், லாரி, நிலத்தடித் தொட்டி, மாடித் தொட்டி என்று பல இடங்களைக் கடந்துதான் நம் கைக்கு வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட ஒன்று. நெருக்கமான குடியிருப்புகளில் கழிவுநீர்க் கசிவும் கிணற்றுநீரில் நைட்ரேட்டை ஏற்றுகிறது.

20 லிட்டர் கேன் தண்ணீரும் இதற்குத் தீர்வாகாது. குடிப்பதற்குச் சுவை வர வேண்டும் என்பதற்காக அதில் தாது உப்புகள் விடப்படுகின்றன. வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றிலும் அதே நோக்கத்தில் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவு) கட்டுப்படுத்தியும் தாதுக் குடுவையும் வைத்திருக்கிறார்கள். தொட்டிக்கு வேண்டியது ஆர்.ஓ. சவ்வைக் கடந்த பிறகு எஞ்சிய உப்புகளையும் ஈர்த்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குடுவையையும் கடந்து, டி.டி.எஸ். மானியில் சுழியம் காட்டும் நீர். உப்பு கலக்கவும் அதுவே, ஆவியானதை ஈடுகட்டவும் அதுவே. லிட்டருக்கு 35 கிராம் என்ற உப்புச் செறிவை அதில்தான் கொண்டுவர வேண்டும். மானியில் 1, 2 என்று ஏறத் தொடங்கினாலே ரெசினை மாற்ற வேண்டும். இந்த இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரை வீணாக்காமல் வாளியில் பிடித்துத் தரை துடைக்கவோ கழிவறைக்கோ பயன்படுத்தலாம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்ற ஊரில் இதை நான் தனியாக வலியுறுத்த வேண்டியதில்லை.

கடல் பக்கத்திலேயே இருப்பதால் கடல்நீரையே பிடித்து வந்து ஊற்றும் வழக்கமும் இங்கு உண்டு. காசிமேடு துறைமுகத்துத் தண்ணீரில் படகுகளின் டீசலும் மீன் கழிவும் கலந்திருக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தின் நிலை எல்லோருக்கும் தெரியும்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் பரவியதைத் தங்கள் நாளிதழே படங்களோடு வெளியிட்டிருக்கும். மழைக்காலத்தில் கால்வாய்கள் கடலில் கொண்டு சேர்க்கும் கழிவுநீர் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்தது. இக்கரையோரத்து நீரைத் தொட்டிக்குள் ஊற்றுவது பாசிக்கு நாமே உரமிடுவதுதான்.

பாறை வாங்குவோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடலிலிருந்து எடுத்த பவளப் பாறை என்று சொல்லி மறைவாக விற்கப்படுவதை வாங்குவது சட்டப்படி குற்றம். கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, உயிரற்ற எலும்புக்கூடும் அதில் அடங்கும். பாசிப் பார்வையில் பார்த்தாலும், அத்தகைய பாறையில் ஒட்டி வரும் முடிப்பாசியும் குமிழ்ப்பாசியும் தொட்டிக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால் வெளியேற்றுவது பெரும்பாடு. செயற்கையாக வார்த்த பாறைகளே எல்லா வகையிலும் நல்லவை.

ஏற்கெனவே பாசி மண்டிவிட்ட தொட்டிக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். கையால் எடுப்பதற்கு நிகரான வழி இல்லை. அதிலும் முறை உண்டு. பாறையைத் தொட்டிக்குள் வைத்தே தேய்த்தால் பிய்ந்த ஒவ்வோர் இழையும் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு வளரும். எனவே நீர் மாற்றும் நாளில் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, பாறையை மெல்லத் தூக்கி அதில் அமிழ்த்தி, முதலில் விரலால் இழைகளை அடியோடு பறிக்க வேண்டும். பின்னர் சோப்புப் படாத புதிய பல் துலக்கியால் இடுக்குகளைத் தேய்த்து, இன்னொரு வாளி உப்புநீரில் அலசி, பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். குழாய் நீரில் கழுவினால் பாறையில் வாழும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். தூக்க முடியாத பாறையாக இருந்தால் உறிஞ்சு குழாயின் வாயைப் பறிக்கும் விரல்களுக்கு அருகிலேயே பிடித்துக்கொண்டு, பிடுங்கப் பிடுங்க உறிஞ்சிவிட வேண்டும். குமிழ்ப்பாசியைத் தொட்டிக்குள் உடைத்துவிடாமல் முழுதாகத் திருகி எடுப்பது நல்லது. இவ்வாறு எடுத்த பாசியோடு அது உண்ட சத்தும் நிரந்தரமாக வெளியேறுகிறது. புட்டி மருந்தால் ஆகாத காரியம் இது.

தீனி, விளக்கு பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உறைந்த தீனியை உருகவிட்டு, அந்த நீரை வடித்துவிட்டுப் போட வேண்டும். மீன்கள் இரண்டொரு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போதும். சன்னல் வெயில் தொட்டியில் விழக் கூடாது. விளக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியின் கோப்பையையும் வடிகட்டிப் பஞ்சையும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். பஞ்சில் தேங்கிய அழுக்கு இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

அளவுக் கருவி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தொட்டி முழுக்க முடிப்பாசி இருக்க, சோதனையில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம் என்று காட்டுவதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். தண்ணீர் சுத்தம், ஆகவே பாசிக்குக் காரணம் வேறேதோ என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் சத்து முழுவதையும் பாசி உடனுக்குடன் உண்டு விடுவதால்தான் தண்ணீரில் ஒன்றும் மிஞ்சவில்லை. மேலும், சுண்ணாம்புப் பாறையும் மணலும் பாஸ்பேட்டை ஈர்த்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் குறையும்போது சிறுகச் சிறுக வெளிவிடும் இயல்புடையவை. நல்ல நீருக்கு மாறிய பிறகும் பாசி சில மாதங்கள் நீடிப்பது இதனால்தான். அந்தச் சில மாதங்களில் பொறுமையிழந்து மருந்தை நாடுவோர்தான் கைவசம் வந்த வெற்றியைக் கைவிடுகிறார்கள்.

சயனோபாக்டீரியாவின் சிவப்புப் படலத்துக்கு எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லியை மருத்துவர் சீட்டின்றி வாங்கித் தொட்டியில் கரைத்து, பின்னர் நீர் மாற்றும்போது அதைத் தெருச் சாக்கடையில் ஊற்றினால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாக நாமே வழி செய்கிறோம். படலத்தைக் குழாயால் உறிஞ்சி எடுப்பதும், நீரோட்டம் தேங்கும் மூலைகளில் ஓட்டத்தைக் கூட்டுவதும் போதுமானவை.

பறித்த பாசியை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். 1984-இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் அருகே முதலில் காணப்பட்ட கௌலெர்பா என்னும் தொட்டிப் பாசி, பின்னர் மத்தியதரைக் கடலோரத்தின் பல பகுதிகளுக்குப் பரவியது. நம் மன்னார் வளைகுடாவிலேயே, வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைக்கஸ் பாசி குருசடைத் தீவருகே உயிர்ப் பவளங்களின் மீது படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தெருக்கோடியில் கடல் இருக்கும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் வாழும் நாம், தொட்டியிலிருந்து எடுத்த பாசியையோ பாறையையோ கடலிலும் கால்வாயிலும் வீசாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

கொளத்தூர்க் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்ண மீன் வணிகத்தில் நாடறிந்த இடம் கொளத்தூர். தலைமுறையாக மீன் குஞ்சு பொரித்து வளர்த்த அனுபவம் அங்கே இருக்கிறது. கடல் மீன் விற்கும்போது, வாங்குபவர் எந்தத் தண்ணீரை ஊற்றுவார் என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விற்றால், பின்னால் வரும் தொல்லைகளில் பாதி வராது. டி.டி.எஸ். மானி ஒன்று சில நூறு ரூபாய்தான். அதைக் கடையில் வைத்து, வாடிக்கையாளர் கொண்டுவரும் தண்ணீரை அளந்து காட்டலாம். சுழியம் காட்டும் நீரைத் தயாரித்து லிட்டர் கணக்கில் விற்றாலும் வாங்க ஆளிருக்கும். இயந்திரம் வாங்க இயலாத மாணவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் நமக்கு அருகிலேயே உள்ளன. நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் மூன்றையும் துல்லியமாக அளந்து தரும் சேவையை, நியாயமான கட்டணத்தில், மாதத்தில் ஒரு நாள் பொதுமக்களுக்கு வழங்க அக்கல்லூரி முன்வருமானால், ஊகத்தின் பேரில் மருந்து ஊற்றும் வழக்கம் பெருமளவு குறையும். தங்கள் நாளிதழும் முந்தைய கட்டுரையில் இடம்பெற்ற பாசிக்கொல்லிப் பரிந்துரைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, கடல்நீர்த் தொட்டிக்கான தண்ணீரைத் தயாரிக்கும் முறை குறித்து மீன்வள வல்லுநர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.